குண்டு ஒன்று, பேனா நான்கு

நாகசாகியையும் ஹிரோஷிமாவையும் எழுதியவர்கள் எங்கே நின்று எழுதினார்கள்?

1945 ஆகஸ்ட் 9, காலை 11.02 மணி. நாகசாகி எரியத் தொடங்கியபோது, உயரத்தில் பறந்துகொண்டிருந்த அமெரிக்க விமானத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பத்திரிகைக்காரர் பூவைப் பார்த்தார். பெரிய பெரிய இதழ்கள், கீழ்நோக்கி வளைந்தவை. வெளிப்புறம் வெண்ணெய் நிறம், உட்புறம் ரோஜா நிறம். அதற்குச் சற்று முன்பு அதே புகைத்தூண் அவர் கண்ணுக்கு ஓர் உயிராகத் தெரிந்தது, இதுவரை பூமியில் இல்லாத புதிய பிராணியாக. பிறகு முகங்கள் செதுக்கிய மரத்தூணாக. பிறகு கட்டை அறுத்துக்கொண்டு திமிறும் விலங்காக.

அவர் பெயர் வில்லியம் லாரன்ஸ். நியூயார்க் டைம்ஸின் அறிவியல் நிருபர். ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 9 அன்று, அந்தக் கட்டுரை வெளிவந்தது. அதில் அவர் கண்ட காட்சியைப் பொய் என்று சொல்ல முடியாது. மேலிருந்து பார்த்தால் அது அப்படித்தான் தெரிந்திருக்கும். ஆனால் கட்டுரை முழுக்கத் தேடினாலும் கீழே இருந்த ஒரு மனிதர்கூடக் கிடைக்க மாட்டார். சாகப்போகிறவர்களை நினைத்து மனம் இரங்குகிறதா என்று ஓர் இடத்தில் தன்னையே கேட்டுக்கொள்கிறார். பேர்ல் ஹார்பரை நினைத்தால் இரங்கவில்லை என்று தானே பதிலும் சொல்லிக்கொள்கிறார். வாசகன் கேட்டுவிடக்கூடிய கேள்வியை முந்திக்கொண்டு தானே கேட்டு, தானே அடைத்துவிடும் உத்தி அது. மேடைப் பேச்சைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது புதிதல்ல.

அப்போது லாரன்ஸின் ஒரு கால் பத்திரிகையில் இருந்தது, மறு கால் ராணுவத் திட்டத்தில் இருந்தது. அணுகுண்டுத் திட்டத்தை நடத்திய ஜெனரல் லெஸ்லி குரோவ்ஸ் அவரை அந்த ஆண்டே உள்ளே அழைத்துக்கொண்டிருந்தார். ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் சோதனை நடந்தபோது அங்கே அனுமதிக்கப்பட்ட ஒரே நிருபர் அவர்தான். குண்டு விழுந்த பிறகு அரசு வெளியிட வேண்டிய செய்திக் குறிப்புகள் பலவற்றை முன்கூட்டியே எழுதி வைத்தவரும் அவர்தான். செப்டம்பர் 12 அன்று அவர் எழுதிய இன்னொரு செய்தி, கதிர்வீச்சால் மக்கள் சாகிறார்கள் என்று ஜப்பான் சொல்வதை நம்ப வேண்டாம் என்றது. அதற்குச் சாட்சியாக அவர் காட்டிய இடம் ஹிரோஷிமா அல்ல, நியூ மெக்சிகோவின் சோதனைத் திடல். மறு ஆண்டு அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

நடை என்றதும் நமக்குச் சொல்லழகு நினைவுக்கு வருகிறது. உவமை, உருவகம், அடுக்குமொழி. பள்ளியில் அணி இலக்கணம் படித்த பழக்கம். ஆனால் எழுதுபவர் எங்கே நிற்கிறார் என்பதுதான் நடையை முதலில் தீர்மானிக்கிறது என்று நான் நினைக்கிறேன். உவமைகள் பிறகு தாமாக வருகின்றன. விமானத்தில் இருப்பவருக்குப் பூ தெரியும். பூவைத் தவிர வேறெதுவும் தெரியாது. இயல்பாக நடக்கும் ஒன்றின் மேல் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது தற்குறிப்பேற்ற அணி. காவியத்தில் அது அழகு. செய்தியில் அதைச் செய்யும்போது யாருடைய குறிப்பு ஏறுகிறது என்று கேட்கத்தான் வேண்டும்.

இடிபாட்டில் ஒரு தட்டச்சுப் பொறி

லாரன்ஸின் பூ அச்சேறுவதற்கு ஆறு நாள் முன்பே, செப்டம்பர் 3 அன்று, வில்ஃபிரட் பர்ச்செட் என்ற ஆஸ்திரேலிய நிருபர் ஹிரோஷிமாவில் ரயிலை விட்டு இறங்கியிருந்தார். ராணுவத்தின் அனுமதி இல்லை. துணைக்கு ஒரு குடையும், சிறிய தட்டச்சுப் பொறியும். ஊரைச் சுற்றிப் பார்த்தார், ஆஸ்பத்திரிக்குப் போனார், இடிபாட்டுக்கு நடுவில் உட்கார்ந்து தட்டினார். அவருடைய உவமை விண்ணிலிருந்து வந்ததல்ல. ரோடு போடும் எந்திரம். அப்படியொரு ராட்சத எந்திரம் ஊர்மேல் ஏறி இறங்கியதுபோல இருந்தது என்றார். எந்த வாசகனும் தெருவில் பார்த்திருக்கும் பொருள் அது.

அவர் சொன்ன முக்கியமான செய்தி வேறு. குண்டு விழுந்து 30 நாள் ஆகியும், காயமே படாதவர்கள் கூடச் செத்துக்கொண்டிருந்தார்கள். முடி கொட்டியது, மூக்கிலும் வாயிலும் ரத்தம் வந்தது. டாக்டர்களுக்குக் காரணம் தெரியவில்லை. பர்ச்செட்டுக்கும் அதற்குப் பெயர் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டாமல், வேறு சொல் கிடைக்காததால் கொள்ளைநோய் என்றே அழைக்கிறேன் என்று எழுதினார். ‘அணுக் கொள்ளைநோய்’ என்ற தலைப்போடு செப்டம்பர் 5 அன்று லண்டன் டெய்லி எக்ஸ்பிரஸில் அது வந்தது. உலகத்துக்கு எச்சரிக்கையாகவே இதை எழுதுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இது நடுநிலை இல்லையே என்று இன்றைய வகுப்பறையில் யாராவது கேட்கலாம். தான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று முதல் வரியிலேயே அறிவித்துவிடுகிற எழுத்தாளரிடம் வாசகன் ஏமாற வழியில்லை. மறைவாக நிற்பவரிடம்தான் ஏமாறுகிறோம். லாரன்ஸ் ராணுவத் திட்டத்தோடு போனவர் என்பது இன்று நமக்குத் தெரிவதுபோல், அந்தப் பூவைப் படித்தவர்களுக்கு முழுசாகத் தெரிந்திருந்தால் அவர்கள் அதை வேறு விதமாகப் படித்திருப்பார்கள்.

டோக்கியோ திரும்பிய பர்ச்செட்டிடம் ஓர் அமெரிக்க உயர் அதிகாரி, நீங்கள் ஜப்பானியப் பிரசாரத்துக்குப் பலியாகிவிட்டீர்கள் என்றார். நாகசாகிக்குப் போன அமெரிக்க நிருபர் ஜார்ஜ் வெல்லரின் கட்டுரைகளைத் தணிக்கையாளர்கள் வெளியே விடவே இல்லை. அவற்றின் கார்பன் பிரதிகளை அவர் மகன் கண்டெடுத்துப் புத்தகமாக்கியபோது ஆண்டு 2006.

பக்கத்து மேஜைக்குத் திரும்பிய தலை

ஜான் ஹெர்சி ஹிரோஷிமாவுக்குப் போனது 1946 மே மாதக் கடைசியில். செய்தி என்ற கணக்கில் பார்த்தால் அது ஆறிப்போன சோறு. குண்டு விழுந்தது உலகத்துக்கே தெரியும். புகைக்காளான் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தாயிற்று. இறந்தவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் என்ற எண்ணும் பழகிவிட்டது. தெரிந்த விஷயத்தை மறுபடி தெரிவிப்பது எப்படி? அவர் முன்னால் இருந்த கேள்வி அதுதான்.

பயணத்தில், கப்பலில் காய்ச்சலாகப் படுத்திருந்தபோது அவர் கைக்கு ஒரு நாவல் கிடைத்தது. தார்ன்டன் வைல்டர் எழுதிய ‘சான் லூயி ரே பாலம்’. பெரு நாட்டில் ஒரு கயிற்றுப் பாலம் அறுந்து ஐந்து பேர் இறக்கிறார்கள். அந்த ஐந்து பேரும் அந்த நேரத்தில் அந்தப் பாலத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று பின்னோக்கிப் போகும் கதை. ஹெர்சிக்குக் கட்டுரையின் சட்டகம் கிடைத்துவிட்டது. ஹிரோஷிமாவில் பலரைப் பார்த்து, கடைசியில் ஆறு பேரை எடுத்துக்கொண்டார். ஒரு குமாஸ்தாப் பெண், இரண்டு டாக்டர்கள், ஒரு ஜெர்மானியப் பாதிரியார், ஒரு ஜப்பானியப் போதகர், ஒரு விதவைத் தாய்.

கட்டுரை, குண்டு வெடித்த காலை 8.15 மணியில் தொடங்குகிறது. அந்த வினாடியில் குமாஸ்தாவான தோஷிகோ சசாகி தன் நாற்காலியில் அப்போதுதான் உட்கார்ந்து, பக்கத்து மேஜைப் பெண்ணிடம் ஏதோ சொல்லத் தலையைத் திருப்புகிறார். அவ்வளவுதான். இந்த ஓர் அசைவைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். என்ன சொல்லத் திரும்பினார் என்று ஹெர்சி சொல்வதில்லை. ஒருவேளை அவருக்கே மறந்திருக்கலாம். காலையில் ஆபீசுக்குள் நுழைந்ததும் பக்கத்து சீட்டைப் பார்த்து நாமும்தான் ஏதாவது சொல்கிறோம். பஸ் கூட்டம், வெயில், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை. இந்தப் பெண் அன்று விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து வீட்டாருக்குச் சமைத்துவிட்டு வந்தவர். அம்மா, கைக்குழந்தையான தம்பியோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். இதெல்லாம் தெரிந்த பிறகு அந்தத் தலை திரும்புவதை நம்மால் வேடிக்கை பார்க்க முடிவதில்லை. அவர் பின்னால் புத்தக அலமாரிகள் நிற்கின்றன என்பதையும் ஹெர்சி சொல்லிவிட்டார். அணுயுகத்தின் முதல் கணத்தில் அந்தப் பெண்ணின் காலை நசுக்கியது புத்தகங்கள்.

இன்னொருவர், தையற்காரரின் மனைவி நாகமுரா. கணவர் ராணுவத்தில் சேர்க்கப்பட்டு 1942-இல் சிங்கப்பூரில் இறந்துபோனார். அவர் விட்டுப்போன தையல் மெஷினை மிதித்துத்தான் மூன்று பிள்ளைகளை வளர்க்கிறார். வீடு இடிந்த பிறகு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுவதற்கு முன், அந்த மெஷினைத் தூக்கி வாசலில் இருந்த சிமென்ட் தண்ணீர்த் தொட்டிக்குள் போடுகிறார். நெருப்பிலிருந்து அதுவாவது தப்பட்டும் என்று. தப்பியது. ஆனால் எடுத்துப் பார்த்தபோது துருப்பிடித்திருந்தது. ஒரு விதவையின் பயத்தை எழுத இதற்கு மேல் என்ன வேண்டும்? நம்மூரில் எத்தனை வீடுகளில் அந்த மெஷின் ஓடித்தான் ஸ்கூல் ஃபீஸ் கட்டியிருக்கிறார்கள்!

செஞ்சிலுவை ஆஸ்பத்திரியில் டாக்டர் தெருஃபுமி சசாகிக்கு 25 வயது. கண்ணாடி போய்விட்டது. காயம்பட்ட ஒரு நர்ஸின் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொள்கிறார். பவர் பொருந்தவில்லை, இருந்தாலும் அதோடுதான் வேலை. 600 படுக்கை உள்ள அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 10,000 பேர். மூன்று நாளில் அவர் தூங்கியது ஒரு மணி நேரம். இந்த எண்களை மட்டும் கொடுத்திருந்தால் கடந்து போயிருப்போம். அடுத்தவர் கண்ணாடியில் மங்கலாகத் தெரிந்த முகங்களுக்கு அவர் மருந்து போட்டுக்கொண்டே இருந்தார் என்பதால்தான் 10,000 என்பது கனக்கிறது.

இவ்வளவையும் ஹெர்சி குரலை உயர்த்தாமல் சொல்கிறார். உணர்ச்சிச் சொற்களைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அந்தத் தட்டையான நடை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தது என்று அவரே பிற்பாடு சொன்னார். தான் நடுவில் நின்று உணர்ச்சிவசப்பட்டால் வாசகன் தன்னைத்தான் பார்ப்பான், அந்த மனிதர்களைப் பார்க்க மாட்டான் என்பது அவர் எண்ணம்.

இதற்கு நம்மிடம் பெயர் இருக்கிறது. தண்டியலங்காரம் பொருளணிகளை வரிசைப்படுத்தும்போது உவமையை முதலில் வைக்கவில்லை. முதல் அணி தன்மை. ஒரு பொருளை அதன் உண்மை நிலை துலங்க, உள்ளபடி சொல்வது. இயல்பு நவிற்சி என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அதுதான். உள்ளதை உள்ளபடி சொல்வதில் என்ன அணி இருக்கிறது என்று மாணவனாக இருந்தபோது எனக்குப் புரியவில்லை. அதை ஏன் முதலில் வைத்தார்கள் என்பது ஹெர்சியைப் படித்தபோதுதான் புரிந்தது. உள்ளதில் எதை எடுப்பது, எதை விடுவது, எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வது என்பதில்தான் முழு வித்தையும் இருக்கிறது.

நான் டெஸ்க்கில் சேர்ந்த புதிதில் ஒரு பஸ் விபத்துச் செய்தி என் கைக்கு வந்தது. ‘கோர விபத்து’, ‘பரிதாபமாக உயிரிழந்தார்’ என்று வழக்கப்படி எழுதிக் கொடுத்தேன். எங்கள் செய்தி ஆசிரியர் இரண்டு சொற்களையும் சிவப்புப் பேனாவால் அடித்தார். “தம்பி, பரிதாபமா இல்லையான்னு படிக்கிறவங்க சொல்லட்டும். அந்தம்மா எங்க போயிட்டிருந்தாங்க? கையில என்ன வெச்சிருந்தாங்க? நிருபருக்குப் போன் போட்டுக் கேளு” என்றார். கேட்டேன். பேரனுக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்து, தூக்குவாளியில் இட்லி மாவு எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறியவர் அந்த அம்மாள். இரண்டு அடைமொழிகள் போன இடத்தில் ஒரு தூக்குவாளி வந்தது. இத்தனை ஆண்டுகளில் நான் திருத்திய ஆயிரக்கணக்கான காப்பிகளில் அந்த வாளி மட்டும் மறக்கவில்லை.

ஹெர்சியின் கட்டுரை சுமார் 31,000 சொற்கள். நியூயார்க்கர் வார இதழில் நான்கு பகுதிகளாகத் தொடராகப் போடுவதாகத்தான் முதலில் திட்டம். துணை ஆசிரியர் வில்லியம் ஷான் ஒரே இதழில் முழுக்கப் போடலாம் என்றார். ஆசிரியர் ஹரால்ட் ராஸ் தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார். அலுவலகத்தில் மற்றவர்களுக்குக்கூடத் தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு மூவரும் வரி வரியாகத் திருத்தினார்கள். 1946 ஆகஸ்ட் 31 தேதியிட்ட இதழில் வழக்கமான கேலிச்சித்திரங்கள் இல்லை, மற்ற கட்டுரைகள் இல்லை. அட்டையில் மட்டும், மக்கள் பூங்காவில் ஓய்வாக விளையாடி மகிழும் கோடைக்காலப் படம். அந்த அட்டையைத் திருப்பி உள்ளே போன அமெரிக்க வாசகருக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால், அதுவும் ஒரு சொல்முறைதான். இதழ் வந்த வேகத்தில் விற்றுத் தீர்ந்தது. ஏபிசி வானொலி நான்கு இரவுகளில் முழுக் கட்டுரையையும் வாசித்தது. ஐன்ஸ்டைன் 1,000 பிரதிகள் கேட்டார். ஜப்பானிய மொழியில் வெளிவரத்தான் 1949 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

போட்டது யார்?

ஹெர்சியைக் கொண்டாடிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. எழுத்தாளர் மேரி மெக்கார்த்தி அந்த ஆண்டே ஒரு கண்டனம் எழுதினார். வெள்ளம், தீ, பூகம்பம் வந்தால் தப்பியவர்களைப் பேட்டி காண்பதுபோலவே இதையும் எழுதியிருக்கிறார், இதனால் மனிதர்கள் முடிவெடுத்துச் செய்த ஒரு செயல் இயற்கைச் சீற்றம்போல ஆகிவிடுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு.

அது நியாயமான கேள்வி. ஹெர்சியின் தொடக்கத்தில் குண்டு மின்னுகிறது. போட்டவர் அந்த வாக்கியத்தில் இல்லை. தமிழில் நமக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். ‘குண்டு வெடித்தது’, ‘குண்டு வீசப்பட்டது’, ‘குண்டு போட்டார்கள்’. மூன்றும் ஒரே சம்பவம். கிராமத்துப் பேச்சில் பெரும்பாலும் மூன்றாவதுதான் வரும். ‘போட்டுட்டான்’ என்பார்கள். செயப்பாட்டு வினை நம் வாய்மொழியில் குறைவு. அது கோப்புகளிலிருந்தும் காவல்துறைக் குறிப்புகளிலிருந்தும் செய்தித்தாளுக்கு வந்து குடியேறியது. ‘துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது’ என்று ஒரு குறிப்பு வந்தால் அதில் சுட்டவர் இல்லை, சுடச் சொன்னவர் இல்லை, சில நேரம் செத்தவர் பெயரும் இல்லை. அதை அப்படியே அச்சுக்கு அனுப்பும் ஒவ்வொரு முறையும் நாமும் அந்தக் குறிப்பில் கையெழுத்துப் போடுகிறோம்.

ஆனாலும் ஹெர்சியின் மௌனத்தையும் அந்தக் குறிப்பின் மௌனத்தையும் ஒன்றாக வைக்க முடியாது. அவர் எழுதியது அமெரிக்கர்களுக்கு. போட்டது யார் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடுபட்ட எழுவாயின் இடத்தில் படிப்பவரே போய் நின்றுகொள்ள வேண்டியிருந்தது. குண்டு விழுந்த அன்று அதிபர் ட்ரூமனின் அறிக்கை ஹிரோஷிமாவை ஒரு முக்கியமான ராணுவத் தளம் என்று அறிமுகப்படுத்தியிருந்தது. ஓராண்டு கழித்து அந்தத் தளத்தில் ஒரு தையல் மெஷினும், குழந்தைகளும், ஒரு குமாஸ்தாப் பெண்ணும் இருந்தது தெரியவந்தபோது, அந்தப் பழைய பெயர் தாக்குப்பிடிக்கவில்லை.

நான்காவது பேனா அதனால்தான் எழுந்தது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த மாதங்களில் கண்டனக் குரல்கள் பல பக்கமிருந்தும் வந்தன. 1947 பிப்ரவரி ஹார்ப்பர்ஸ் இதழில், போர்க்காலத்தில் ராணுவ அமைச்சராக இருந்த ஹென்றி ஸ்டிம்சன் பெயரில் நீண்ட விளக்கம் வந்தது. எழுத உதவியவர் மெக்ஜார்ஜ் பண்டி என்ற இளைஞர். பூ இல்லை, உருவகம் இல்லை, கண்ணீரும் இல்லை. பழைய அலுவலகக் குறிப்புகள், தேதிகள், நிதானமான முதியவரின் குரல். நடுவில் ஓர் எண்: படையெடுத்துப் போயிருந்தால் அமெரிக்கத் தரப்பில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் உயிரிழப்பும் காயமும் நேர்ந்திருக்கும் என்று தனக்குச் சொல்லப்பட்டதாக. அன்றைய ராணுவத் திட்டக் கோப்புகளில் அவ்வளவு பெரிய எண்ணுக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று பின்னாளில் வரலாற்றாசிரியர்கள் பலர் வாதிட்டார்கள். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் எண் ஓடிவிட்டது. பாடப்புத்தகங்களுக்கும் மேடைகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. எண்ணும் ஓர் அணிதான். உவமையைப் பார்த்தால் இது உவமை என்று தெரிகிறது, சந்தேகப்பட முடிகிறது. எண்ணைப் பார்த்தால் யாரோ உட்கார்ந்து எண்ணியதாகவே நம்பிவிடுகிறோம்.

ஹெர்சியிடமும் எண்கள் இருந்தன. ஆதாரங்களும் இருந்தன. கட்டுரையின் கடைசிப் பத்திக்கு அவர் அவற்றில் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை, தன் கருத்தையும் எழுதவில்லை. நாகமுராவின் பத்து வயது மகன் தோஷியோ பள்ளிக்கூடத்தில் எழுதிய கட்டுரையை எடுத்து வைத்தார். முந்தின நாள் நீந்தப் போனேன் என்கிறான் பையன். காலையில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன், வெளிச்சம் வந்தது. பிறகு ஊர் எரிந்தது, பூங்காவுக்குப் போனோம். மறுநாள் பாலத்தில் இரண்டு தோழிகளைப் பார்த்தேன், இருவரும் அவரவர் அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் அம்மாவுக்குக் காயம், இன்னொருத்தியின் அம்மா இறந்துவிட்டார். ஆசிரியர் கொடுத்த தலைப்புக்கு எழுதும் பையனின் நடையில், அங்கே முடித்துவிடுகிறான்.